மாட்டேன் என்றவர்

பக்தீதா என்ற ஊரில் ஸர்கிஸைக் கோயிலில் பார்த்தவர்கள் குறைவு. குருத்தோலை ஞாயிறன்று மட்டும் ஒலிவக் கிளையோடு ஊர்வலத்தின் முன்வரிசையில் முட்டி மோதி நிற்பார். பூசை தொடங்குவதற்குள் கோழிப்பண்ணைக்குத் திரும்பிவிடுவார். கழுத்தில் வெள்ளிச் சிலுவை உண்டு. அப்பா போட்டுவிட்டது, கழற்றத் தோன்றியதில்லை. யாராவது சீண்டினால், "நாங்க அப்போஸ்தலர் காலத்துலேர்ந்தே கிறிஸ்தவங்கய்யா" என்று வாயை அடைப்பார். அதற்கு மேல் அவருக்கும் ஒன்றும் தெரியாது.

கறுப்புக்கொடி ஏந்திய தீவிரவாதிகள் வருகிறார்கள் என்று ஊரே காலியானபோது, மனைவி வார்தாவையும் மகள்களையும் தம்பியின் வண்டியில் ஏற்றிவிட்டு, கோழிகளுக்காக அவர் மட்டும் தங்கினார். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் காட்ட ஆளில்லாவிட்டால் அத்தனையும் சுருண்டு விழும். பண்ணை வாசலிலேயே அவரைப் பிடித்தார்கள். மீசை அரும்பாத ஒருவன் துப்பாக்கியை நீட்டி, மதம் மாறுவதற்கான வாசகத்தைச் சொல்லச் சொன்னான்.

"மாட்டேன்."

துப்பாக்கிக் கட்டை முகத்தில் இறங்கியது. முன்பற்கள் போயின. மறுபடி கேட்டான். மறுபடியும் "மாட்டேன்". என்ன நினைத்தார்களோ, மோதிரத்தையும் சிலுவையையும் பிடுங்கிக்கொண்டு, வெறுங்காலோடு எர்பில் நகருக்குப் போகும் சாலையில் விரட்டிவிட்டார்கள்.

குடும்பத்தோடு பக்கத்து நாட்டு அம்மான் நகருக்கு அகதியாக வந்து சேர்ந்தபோது அந்தக் கதை அவருக்கு முன்பே வந்திருந்தது. கோயில் கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்து, தடுப்புக்கு ஒரு குடும்பமாக அகதிகள் இருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்தால் பெரியவர்களும் எழுந்து நின்றார்கள். தேநீர் முதலில் அவருக்குத்தான். ஃபாதர் இஷோ வெளியூர் விருந்தாளிகளிடம், "நம் விசுவாச வீரர்" என்று தோளைப் பிடித்துக் காட்டுவார். முதலில் ஸர்கிஸுக்கு இனிக்கத்தான் செய்தது. போகப் போகத் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் பக்கத்துத் தடுப்பு ஷமீரான் காய்ச்சலில் துவண்ட மகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, இவ தலையில கை வச்சு ஜெபம் பண்ணுங்க. இயேசுவுக்காக உசிரையே குடுக்க நின்னவரு நீங்க. நீங்க கேட்டா அவரு தட்டமாட்டாரு."

ஸர்கிஸ் கை வைத்தார். உதடுகளை அசைத்தார். பல்லில்லாத இடத்தில் நாக்கு போய்ப் போய் முட்டியதே தவிர, ஒரு சொல்லும் எழவில்லை. ஷமீரான் அவர் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். அன்று முழுவதும் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வார்தாவிடம் போய் நின்றார்.

"அன்னைக்கு நான் ஏன் மாட்டேன்னு சொன்னேன் தெரியுமா? ஒரு பொடிப்பய என் பண்ணை வாசல்ல நின்னு எனக்கு உத்தரவு போடுறானேன்னு ஆத்திரம். இயேசு ஞாபகமே வரல. கோழிக்குத் தண்ணி காட்டச் சொல்லி மிரட்டியிருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்."

வார்தா சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். "உங்களோட இருவது வருஷம் குடும்பம் நடத்துறவளுக்கு இது புதுசா?"

அடுத்த ஞாயிறு, விருந்தாளிகள் முன்னால் சாட்சி சொல்ல ஃபாதர் அழைத்தபோது, ஸர்கிஸ் இதையே எழுந்து சொன்னார். "அது விசுவாசம் இல்ல. திமிரு. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல."

கூடம் விம்மியது. பெண்கள் முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். "என்ன தாழ்மை பாருங்க!" என்றார் ஃபாதர், தழுதழுத்து. எழுந்து நின்று கை தட்டினார்கள். ஸர்கிஸ் செய்வதறியாமல் வாசலுக்கு ஓடினார்.

ஷமீரான் மட்டும் கை தட்டவில்லை. வாசலில் அவரை மறித்தாள்.

"அப்போ எம் புள்ள தலையில கை வச்சு யாருகிட்ட கேட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்லம்மா."

"என்னை ஏமாத்திட்டீங்க. அவளுக்கு இன்னும் அனலாக் கொதிக்குது. வாங்க. இப்போ கேளுங்க."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரியாதுன்னே சொல்லுங்க."

அவள் தடுப்புக்குள், குழந்தையின் பாயருகே ஸர்கிஸ் முழந்தாளிட்டார். முன்பின் அறியாத பெரியவரிடம் பேசுவதுபோல் தயங்கித் தயங்கிப் பேசினார். "எனக்கு உங்களைத் தெரியாது. உங்க பேரால அடி வாங்கினேன், மரியாதையும் வாங்கினேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. இந்தப் புள்ளைய..." அதற்கு மேல் வரவில்லை. வாய்விட்டு அழுதார். அடிபட்ட அன்றுகூட அவர் அழுததில்லை.

காய்ச்சல் அன்று இறங்கவில்லை. டாக்டர் மருந்தை மாற்றினார். சில நாள் கழித்துக் குழந்தை சமூன் ரொட்டி கேட்டு அடம்பிடித்தது. அதுவரை தினமும் ஸர்கிஸ் போய் உட்கார்ந்தார். குழந்தை எழுந்து விளையாடத் தொடங்கிய பிறகும், ஆளில்லாத நேரம் பார்த்துக் கோயிலின் கடைசி இருக்கையில் போய் உட்கார்ந்தார். மேடைக்கு அழைத்தால் போகமாட்டார். அவரிடம் இருந்த பழைய நிம்மதி போயே போய்விட்டது என்று வார்தாவுக்குப் பட்டது.

"அப்படி என்னதாங்க பேசுறீங்க அவருகிட்ட?"

"பாதி நாள் சண்டைதான்."

"அவரு என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல. ஆனா எதிர்ல ஆள் இல்லைன்னு தோணல, வார்தா. அதான் உக்காரவும் முடியல, எந்திரிச்சு வரவும் முடியல."