பசவனகுடிக்குப் போன எங்கள் கடலைக்காய்

காலிச் சாக்குகளைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் மாமாவும் பசவனகுடிக் கோயில் மேட்டிலிருந்து கீழே இறங்கி நடந்துகொண்டிருந்தோம். பொழுது சாயும் நேரம். எங்களுக்கு எதிரே பெங்களூரே திரண்டு மேட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது. தோளில் கிடந்த காலிச் சாக்கைப் பார்த்த வியாபாரிகளுக்கெல்லாம் எங்கள்மேல் ஒரு மரியாதை. சாலையோரம் பாதிக் குவியலோடு உட்கார்ந்திருந்த கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் மாமாவை நிறுத்தியே கேட்டுவிட்டார்.

“அதுக்குள்ள எல்லாம் போயிடுச்சாப்பா?”

“எல்லாம் போயிடுச்சுங்ணா.”

“கெட்டிக்காரன்யா நீ. எந்தூரு?”

“பென்னாகரம் பக்கங்க.”

“அதான பாத்தேன்,” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரிடம் எங்களைக் காட்டி ஏதோ சொன்னார். அவரும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

மாமா பொய் சொல்லவில்லை. கடலைக்காய் எல்லாம் போயிருந்தது. காசுதான் வரவில்லை. அவருடைய சட்டைப்பையில் இருந்ததைக் கொண்டு ஒருவர் ஓசூர் வரைக்கும் போகலாம். நாங்கள் இரண்டு பேர், போக வேண்டியதோ அதற்கும் வெகுதூரம். எனக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. நான் பீப்பி ஊதிக்கொண்டு வந்தேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. பெங்களூரில் கொஞ்ச காலம் கட்டட வேலை செய்துவிட்டு, இனி மண்ணைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று ஊருக்குத் திரும்பியிருந்தார். மண்ணோ தாத்தாவின் கையில் இருந்தது. இண்டூரிலிருந்து பென்னாகரம் போகும் வழியில் எங்கள் கொல்லை. மழையை நம்பி ஆடியில் கடலை போட்டு, கார்த்திகையில் பிடுங்கி, மண்டிக்காரர் சொன்ன விலைக்கு அப்படியே ஏற்றிவிடுவது தாத்தாவின் வழக்கம். மாமாவுக்குச் சாமந்தி போட வேண்டும் என்று ஆசை. அதைச் சொல்லும்போதெல்லாம் தாத்தா காதில் விழாத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார்.

அந்த வருடம் மாமா விடவில்லை. பெங்களூரில் கார்த்திகை மாதம் கடலைக்காய்ப் பரிஷை என்று ஒரு திருவிழா நடக்கிறது, அங்கே ஊரே கடலைக்காய் வாங்க வரும், மண்டிக்குப் போடுகிற சரக்கை நேரே கொண்டுபோய் விற்றால் என்ன என்று கேட்டார். தாத்தா வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

“காசோட வந்தின்னா, கொல்லையில என்ன போடறதுன்னு நீ சொல்லு, நான் கேக்கறேன். வெறுங்கைய வீசிக்கிட்டு வந்தா, அதுக்கப்பறம் சாமந்தின்னு வாயத் தொறக்கக்கூடாது.”

என்னைச் சேர்த்து அனுப்பியது அம்மா. எனக்கு அப்போது பத்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டு வேறெங்காவது போய்ச் சேர்வது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஒருமுறை ஒகேனக்கல் பேருந்தில் ஏறிப்போய், பரிசல் துறையருகே மீன் வறுக்கிற கடையில் சாயங்காலம் வரைக்கும் நின்றிருந்தேன். இன்னொரு முறை சித்தேரி மலையேறும் பேருந்தின் கடைசி இருக்கையில் கண்டுபிடித்தார்கள். “இவன் இங்க இருந்தாலும் பள்ளிக்கூடத்துல இருக்கப் போறதில்ல. நீயே இட்டுக்கிட்டுப் போ,” என்று அம்மா மாமாவிடம் ஒப்படைத்தார்.

தக்காளி வண்டி ஒன்றில் சாக்குகளோடு சாக்காகக் கிடந்து, விடியும்போது பசவனகுடி போய்ச் சேர்ந்தோம். அந்த மாதிரி ஒரு தெருவை நான் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் கடலைக்காய்க் குவியல்கள். மண்ணோடு பச்சையாக, வறுத்தது, அவித்தது, இரண்டு பருப்பு, மூன்று பருப்பு என்று கண்ணுக்கு எட்டியவரை கடலைதான். நடுநடுவே பொரிக்கடை, வளையல் கடை, பலூன், ராட்டினம். மேட்டில் கோயிலுக்குள்ளே ஒரே கல்லில் யானை அளவுக்கு ஒரு காளை. ஒரு காலத்தில் அந்தப் பக்கத்துக் கடலைக் கொல்லைகளை ஒரு காளை மேய்ந்து அழித்ததாம், அதைச் சமாதானப்படுத்தத்தான் வருடாவருடம் முதல் கடலைக்காயை அங்கே கொண்டுவருகிறார்களாம். மாமா கோயிலுக்குப் போய் இரண்டு கை நிறையக் கடலைக்காயைக் காளைக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்து, நடைபாதையில் சாக்கை விரித்துக் குவியலைக் கொட்டினார். எங்களுக்குப் பக்கத்தில் தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்த ஓர் அக்கா கடை போட்டிருந்தார். வீட்டில் தெலுங்கு, வியாபாரத்துக்குக் கன்னடம், திட்டுவதற்குத் தமிழ் என்று வைத்திருந்தவர்.

தப்பு முதல் ஆளிடமே நடந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலைக்காய் பிடுங்கிக் கொல்லையில் குவித்திருக்கும்போது அந்த வழியாக யார் போனாலும், தெரிந்தவரோ தெரியாதவரோ, ஒரு கை அள்ளிக் கொடுத்துவிட வேண்டும். கேட்டவருக்கு இல்லையென்று சொன்னால் அடுத்த விளைச்சலில் ஓட்டுக்குள் பருப்பு இருக்காது, எல்லாம் பொக்காகப் போய்விடும். இதில் தாத்தாவைவிட மாமா கண்டிப்பானவர். மண்ணுக்குத் திரும்பி வந்தவர் அல்லவா.

காலை நடைக்கு வந்த ஒரு பெரியவர் குவியலுக்கு முன்னால் நின்று, எப்படி இருக்கும் என்று கன்னடத்தில் கேட்டார். “மொதல்ல சாப்ட்டுப் பாருங்க, வெல பெறகு பேசிக்கலாம்,” என்று மாமா ஒரு கை அள்ளிக் கொடுத்தார். மாமாவின் கை சின்ன முறம் மாதிரி இருக்கும். பெரியவர் நின்ற இடத்திலேயே உரித்துத் தின்று, ‘சென்னாகிதெ’ என்று பாராட்டிவிட்டு நடந்தார். சற்று நேரத்தில் கூட நடக்கிற நண்பர்களையெல்லாம் அழைத்துக்கொண்டு வந்தார். மாமாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களுக்கும் கொடுத்தார். அதன் பிறகு வரிசையே வந்துவிட்டது. கல்லூரிப் பெண்கள் கை நீட்டியபடி படம் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் ஓரிருவர் காசு கொடுத்து வாங்கவும் செய்தார்கள். அவர்களுக்கும் மேலே ஒரு கை போட்டார்.

பக்கத்து அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

“ஏம்ப்பா, நீ யாவாரத்துக்கு வந்தியா, வேண்டுதலுக்கு வந்தியா?”

“கேக்கறவங்களுக்கு இல்லேன்னா அடுத்த வருசம் பொக்கு வுழுந்துடுங்கக்கா.”

“அது கொல்லையில. இது ரோடு. ரோட்டுல என்னா வெளையப் போவுது?”

மாமாவுக்கு இது உறைத்தது. இனி யாருக்கும் சும்மா கொடுப்பதில்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்து வந்தது இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். குழந்தைதான் கையை நீட்டியது. மாமாவின் கட்டு அவிழ்ந்துவிட்டது.

இதில் என் பங்கும் கொஞ்சம் உண்டு. குவியலுக்குப் பக்கத்தில் உட்கார் என்றால் எனக்குக் கால் அரிக்கும். கல்காளையின் பின்பக்கம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். ராட்டினத்தை எது சுற்றுகிறது என்று பார்க்கப் போனேன். சவ்வுமிட்டாய் பொம்மை வைத்திருந்த ஒருவர் பின்னால் தெருக்கோடி வரைக்கும் போனேன். ஒவ்வொரு முறையும் மாமா குவியலை அப்படியே விட்டுவிட்டு என் பெயரைக் கத்திக்கொண்டு கூட்டத்தில் புகுந்து தேடுவார். அவர் இல்லாத நேரத்தில் வந்தவர்கள் இந்தக் கடையின் முறை தெரிந்தவர்களாகையால் தாங்களே ஆளுக்கொரு கை அள்ளிக்கொண்டார்கள். ஒருமுறை நாங்கள் திரும்பி வந்தபோது, ஜிகினாத் துணியும் சலங்கையும் போட்ட பூம்பூம் மாடு ஒன்று குவியலில் முகத்தை வைத்திருந்தது. மாமா கையை ஓங்கினார். பிறகு மேட்டுக் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். காளைக்காக நடக்கிற திருவிழாவில் காளையை எப்படி விரட்டுவது? ஓங்கிய கையால் கும்பிட்டுவிட்டார்.

கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒரு பீப்பி வாங்கிக் கொடுத்து, “டேய் மாப்ள, எங்க போனாலும் இத ஊதிக்கிட்டே இரு. சத்தத்த வெச்சு நான் வந்து புடிச்சிக்கறேன்,” என்றார். நான் சொன்னபடி ஊதிக்கொண்டேதான் போனேன். ஆனால் அந்தத் திருவிழாவில் எல்லாக் குழந்தைகளும் பீப்பி ஊதின. யார் யாருடைய பிள்ளைகளையெல்லாமோ பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் போலீஸ் பந்தலுக்கு அருகே மாமா என்னைக் கண்டுபிடித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் திரும்பியபோது சாக்கில் மண்தான் இருந்தது.

அப்படித்தான் மேட்டிலிருந்து இறங்கி நடந்தோம். பெரிய ரோடு வந்ததும் மாமா நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். பேருந்துகள் வந்து போயின. ஒன்றின் பலகையையும் அவர் படிக்கவில்லை. ஊருக்குப் போகக் காசில்லை என்பதைவிட, போய் நின்றால் சாமந்தி போய்விடும் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்திருக்கும். எனக்குப் பசித்தது. சட்டைப்பையில் கிடந்த கடைசிக் கடலைகளை உரித்து இருவரும் தின்றோம்.

“நாளைக்கும் பரிஷை இருக்குது. மூட்ட தூக்குனாலும் பஸ்ஸுக்கு ஆவும். வா,” என்று எழுந்தார்.

மறுபடி மேடேறினோம். கிருஷ்ணகிரிக்காரர் எங்களைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். “அடுத்த லோடா?”

“ஆமாங்ணா,” என்றார் மாமா.

அக்காவின் கடைக்கு முன்னால் போய் நின்றபோதே மாமாவின் போன் அடித்தது. தாத்தா. பழைய பட்டன் போன். அதில் பேசினால் தெருவுக்கே கேட்கும்.

“என்னாச்சு? கடலக்கா போச்சா?”

“போயிடுச்சுங்கப்பா. ஒண்ணும் மிச்சமில்லீங்க.”

“காசு?”

மாமா நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். நான் காணாமல்போனதையும் சேர்த்து.

“கேட்டவன் எவனுக்காச்சும் இல்லேன்னு சொன்னியா?”

“இல்லீங்க.”

“அப்பறம் நான் எத வெச்சு உன்னத் திட்டறது? கொல்லையப் பத்தி வூட்டுக்கு வந்து பேசிக்கலாம். கடலைய வுடு. பயலத் தொலச்சுட்டு மட்டும் வந்து நிக்காத.”

கடலையை விடச் சொல்லிவிட்டார் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. சந்தோஷத்தில் ஒரு தரம் பீப்பியை ஊதினேன். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொரியும் அவித்த கடலையும் கொடுத்தார். அவருடைய படுதாவுக்குக் கீழே எங்கள் காலிச் சாக்குகளை விரித்துப் படுத்தோம். சாக்குக்குள் கால்களை நுழைத்துக்கொண்டால் கார்த்திகைக் குளிர் அவ்வளவாகத் தெரிவதில்லை. பிற்காலத்தில் பல ஊர்களில் எனக்கு உதவிய வித்தை இது.

விடிந்ததும் அக்காவின் சரக்கு டெம்போவில் வந்தது. பஸ் காசுக்காக மாமா எல்லா மூட்டைகளையும் இறக்கிக் கொட்டினார். அதன் பிறகு அக்கா வேலையைப் பிரித்தார்.

“அளக்கறது நானு. காசு வாங்கறதும் நானு. நீ நின்ன எடத்துல நின்னுக்கிட்டு ஆளக் கூப்புடு, அது போதும்,” என்று மாமாவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “உனக்குத்தான்டா பெரிய வேல. உங்க மாமன் சோத்துக்கை இருக்குதே, அது குவியலுக்குப் போவக்கூடாது. ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிச்சிக்க. வுட்டன்னா மத்தியானம் சோறு இல்ல.”

என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை அது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். மாமா தொண்டை கிழியக் கூவினார். யாராவது குழந்தை கை நீட்டினால் அவர் கை என் பிடிக்குள் லேசாகத் துள்ளும். நான் இன்னும் இறுக்குவேன். ராட்டினம் சுற்றத் தொடங்கியது. பூம்பூம் மாடு சலங்கையோடு எங்களைத் தாண்டிப் போனது. சவ்வுமிட்டாய்க்காரர் எனக்கு எதிரிலேயே நின்று பொம்மையைக் கைதட்ட வைத்தார். நான் அசையவில்லை. மத்தியானம் அக்கா சித்ரான்னத்தில் பெரிய பங்கை எனக்கு வைத்து, “இவன் நல்ல வேலக்காரன்,” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பொழுது சாயும்வரை மாமா யாருக்கும் ஒரு கடலைகூடச் சும்மா கொடுக்கவில்லை. நானும் ஒருமுறைகூடக் காணாமல்போகவில்லை. இந்த இரண்டில் எதற்காக அக்கா எனக்குச் சோறு போட்டார் என்பது அன்று எனக்குத் தெரியாது.