மைக் மாட்டாத வண்டி

பேய், ஆவி, காத்து, கருப்பு என்று யாராவது என் கடையில் பேச்சை எடுத்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள் என்பேன். விருதுநகரில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடை வைத்திருக்கிறேன். பாட்டு தானாக நின்றுபோகிறது, லைட் தானாக எரிகிறது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு வண்டியின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கவிட்டு வருவார்கள். நான் எர்த் வயரைச் சுரண்டி இறுக்கி முடுக்கிக் கொடுத்தால் கண்ணேறு அங்கேயே கழிந்துவிடும். வண்டிக்குள் நடக்கிற எந்த மாயத்துக்கும் ஒரு வயர் உண்டு, அந்த வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், இதுதான் நான். இன்றைக்கும் அதே ஆள்தான், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை.

அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் இது ராத்திரியில் நடக்கவில்லை, சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை, நான் குடித்திருக்கவும் இல்லை. பட்டப்பகலில், சிவகாசி ரோட்டில், டீ குடித்த வாய் காய்வதற்குள் நடந்தது.

தனலட்சுமி அக்கா என்று ஒருவர். விஸ்வநத்தம் தாண்டிக் காட்டுக்குள் அவருக்குச் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி. அதை நடத்திக்கொண்டிருந்தவர் அவருடைய வீட்டுக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. ஒருநாள் காலையில் காபி டம்ளரை வாங்கிக் கையில் பிடித்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. போனது ஒரு பக்கம், சொல்லாமல் போனது ஒரு பக்கம். என் கடைக்கு முதல்தடவை வந்தபோதே, என்னைத் தெரியாது, ஊர் பேர் தெரியாது, ஆனாலும் அதைத்தான் சொன்னார்.

"முப்பது வருசம் ஒரே வீட்டுல இருந்தோம் தம்பி. போறேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?"

அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

அண்ணாச்சி போனபிறகு கம்பெனியும் பூட்டிக் கிடந்தது, அவருடைய காரும் ஷெட்டில் கிடந்தது. பொம்பளையால் பட்டாசுக் கம்பெனி நடத்த முடியுமா, வந்த விலைக்குக் கொடுத்துவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லாம் ஓதியிருக்கிறார்கள். அக்கா காதில் வாங்கவில்லை. கார் ஓட்டப் படித்து லைசென்ஸ் எடுத்தார், புது பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டு அந்த வண்டியைக் கிளப்பி என்னிடமே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"மதுரை, திருநெல்வேலின்னு கடை கடையா ஆர்டர் எடுக்கப் போகணும் தம்பி. வழி சொல்றாப்புல ஒண்ணு மாட்டிக் குடுங்க. ஓட்டிக்கிட்டே போன் பேசுறாப்புலயும் இருக்கணும்."

வண்டியில் பழைய சிடி பிளேயர் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுப் பெரிய டச் ஸ்கிரீன் போட்டேன், மேப், புளூடூத், பின்னால் கேமரா எல்லாம் கொடுத்தேன். வேலை சுத்தமாக இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றே ஒன்றுதான் பாக்கி. நான் மாட்டிய அந்த செட்டுக்கு உள்ளே மைக் கிடையாது, தனியாக ஒரு மைக்கை ஸ்டீரிங் பக்கம் ஒட்டி வயரைப் பின்னால் சொருகவேண்டும். டப்பாவில் வந்த மைக் செத்துப்போய் வந்திருந்தது. நல்ல மைக் ஒன்று மதுரையிலிருந்து பார்சலில் வரவேண்டும், மறுநாள்தான் வரும்.

இந்த இடத்தைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் என்னைக் குறுக்கு விசாரணை செய்வீர்கள். மைக் இல்லை என்றால், போன் வந்தால் எதிராளி பேசுவது வண்டியின் ஸ்பீக்கரில் நமக்கு ஜம்மென்று கேட்கும். நாம் வண்டிக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் அவருக்கு ஒரு பொட்டுச் சத்தம் போகாது. இதை அக்காவிடம் தெளிவாகச் சொன்னேன்.

"நாளைக்கு வந்து மாட்டிக்கிடுறேன், இன்னைக்குக் கம்பெனி திறக்கிற நாளு தம்பி, வண்டி வேணும்" என்றார்.

சரி, வண்டியை எடுத்துக்கொண்டு போகட்டும் என்றால் மேப் இன்னொரு வில்லங்கம். சிவகாசியைச் சுற்றிக் கம்பெனிகள் எல்லாம் காட்டுக்குள் தள்ளித் தள்ளி இருக்கும், வண்டிப்பாதைதான் ரோடு. அக்காவின் கம்பெனியை மேப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்குள் காட்டியது. அந்த இடத்துக்கே போய்க் கேட்டில் நின்று இடத்தைச் சரியாகக் குறித்துக் கொடுத்துவிடலாம், போகிற வழியில் ஜிபிஎஸ் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்றும் பார்த்துவிடலாம் என்று நானும் ஏறிக்கொண்டேன். அக்கா ஓட்டினார். நான் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா நன்றாகவே ஓட்டினார், கொஞ்சம் நெஞ்சை ஸ்டீரிங்கில் முட்டிக்கொண்டு. பழைய பாட்டு ஒன்று ஓடியது. மேப்பில் பேசுகிற பொம்பளை திருத்தங்கல் என்ற பேரைக் கடித்துத் துப்பியதும் அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கு அவருக்கு மனசு நிறைந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் நல்ல நேரம் அமைந்ததாம், அதனால் அப்போதே பூஜை போட்டு, நாலாம் நம்பர் ரூமில் சாஸ்திரத்துக்குக் கொஞ்சம் மருந்து கலந்து ஆரம்பித்துவிட்டார்களாம். பட்டாசுக்குள் போகிற வெடிமருந்துக் கலவையைத்தான் அங்கே மருந்து என்பார்கள். கலந்ததை மூடி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள், இன்றைக்குக் காலையில் அதிலிருந்துதான் வேலையைத் தொடங்குவது.

நான் வயர்க்காரன், மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும், தலையை ஆட்டினேன். கலந்த மருந்தை ஒரு ராத்திரி தங்கவிடக் கூடாது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். ஈரம் பட்டால் அது தானாகவே சூடேறும். அண்ணாச்சி இருந்தவரைக்கும் மிச்ச மருந்தைப் பொழுது அடைவதற்குள் கொண்டுபோய் அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாராம். போர்மேன் கருப்பசாமி அண்ணனுக்கும் அது தெரியும். ஆனால் நல்ல நேரத்தில் கைவைத்த முதல் மருந்து, அதைக் கொண்டுபோய் அழிப்பதற்கு யாருக்கு மனசு வரும்? அபசகுனம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். அன்றைக்கு ராத்திரி தூறல் வேறு.

திருத்தங்கல் தாண்டியிருப்போம், பாட்டு நின்று ஸ்கிரீனில் போன் வந்தது. கம்பெனி கேட்டிலிருந்து. பட்டாசுக் கம்பெனிக்குள் யாரும் செல்போன் கொண்டுபோகக் கூடாது, எல்லாருடைய போனும் கேட்டில் ஒரு மரப்பெட்டிக்குள் போய்விடும், போர்மேன் பேசவேண்டும் என்றாலும் கேட்டுக்கு நடந்து வந்துதான் பேசவேண்டும். ஸ்கிரீனைத் தொட்டு எடுத்தேன், கருப்பசாமி அண்ணன்தான் பேசினார்.

"அக்கா, எங்கன வந்துட்டீக? பொம்பளையாளுக வந்து உக்காந்துட்டாக. ஆரம்பிச்சுரவா?"

"மைக் இல்லக்கா, போனை எடுத்துப் பேசுங்க" என்றேன். அக்காவின் போன் பின்சீட்டில் கைப்பைக்குள் இருந்தது. எடுப்பதற்காக நான் திரும்பினேன்.

"யாரு?" என்றார் கருப்பசாமி அண்ணன் ஸ்பீக்கரில்.

எங்கள் பேச்சு அவருக்குப் போக வழியே இல்லை.

"யாரு... அண்ணாச்சியா?"

பையை எட்டிய என் கை அப்படியே நின்றது. அக்கா ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டையே பார்த்தார். ஸ்பீக்கரில் அண்ணனுடைய மூச்சு கேட்டது, அவர் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா அண்ணாச்சி, நாலாம் நம்பர்லதான். நேத்து சாயங்காலம் கலந்தது... மூடித்தான் வச்சிருக்கு... இல்ல, தப்புதான், தப்புதான் அண்ணாச்சி... சரி. ஆளு அம்புட்டையும் இப்பவே வெளிய எடுத்துருதேன்."

நம்பினால் நம்புங்கள். அண்ணனிடம் பேசியவர் குரல் எங்களுக்குக் கேட்கவே இல்லை. வண்டிக்குள் ஏசிச் சத்தம் மட்டும்தான். அண்ணன் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், அதுவும் முதலாளி முன்னால் கைகட்டி நிற்கிறவர் சொல்கிற பதில். கடைசியாகக் குரலை இறக்கி ஒன்று கேட்டார்.

"அக்காகிட்ட என்ன சொல்லட்டும் அண்ணாச்சி?"

பதிலை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு "ம்" என்றார், "சரி" என்றார், போன் நின்றது. விட்ட இடத்திலிருந்து பாட்டு ஓட ஆரம்பித்தது. நான் அதை அணைத்தேன்.

அக்கா வண்டியை ஓரம் கட்டினார்.

"தம்பி, கருப்பசாமி யாருகிட்ட பேசினாரு?"

"கிராஸ் டாக்கா இருக்கும்க்கா. வேற லைன் கலந்திருக்கும்" என்றேன். இந்தக் காலத்தில் அப்படி எதுவும் நடக்காது என்று எனக்கே தெரியும்.

"அவரு அண்ணாச்சின்னு ஊருல ஒரே ஒரு ஆளத்தான் கூப்பிடுவாரு" என்றார் அக்கா. அழவில்லை. பின்சீட்டிலிருந்து போனை எடுத்துத் திரும்ப அடித்தார், கேட்டில் யாரும் எடுக்கவில்லை. அதற்குமேல் அவர் ஓட்டிய ஓட்டத்தில் மேப் பொம்பளை வழி சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் அந்தத் திருப்பத்தைத் தாண்டிக்கொண்டிருந்தோம்.

விஸ்வநத்தம் தாண்டி வண்டிப்பாதையில் இறங்கும்போது கேட்டது. பெரிய வெடி இல்லை, யாரோ இரும்புக் கதவை அடித்துச் சாத்துகிற மாதிரி ஒரு சத்தம். வேலிக்கருவை மரங்களுக்கு மேலே வெள்ளையாகப் புகை எழும்பியது. அக்கா "ஐயோ என் பிள்ளைக" என்றார், அவருக்குப் பிள்ளைகள் கிடையாது, வேலைக்கு வந்த பெண்களைத்தான் சொன்னார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எல்லாரும் நின்றார்கள். செருப்பு இல்லாமல், தலையில் கட்டிய துணியோடு, ஒருத்திக்கும் ஒரு கீறல் கிடையாது. நாலாம் நம்பர் ரூமுக்குக் கூரை இல்லை. அக்கா ஒவ்வொருத்தியாகக் கையைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார், கடைசி ஆளைத் தொட்டபிறகுதான் தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கும் கண் கலங்கியது, ஏன் என்று கேட்காதீர்கள், அந்தப் பெண்களை எனக்கு முன்னப்பின்னே தெரியாது.

கருப்பசாமி அண்ணன் கேட்டுப் பக்கம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்து போய் அவர் முன்னால் நின்றார்.

"யாருண்ணே பேசினது?"

"அண்ணாச்சிதான். இருபது வருசமா கேட்ட குரலு, எனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன சொன்னாக?"

அண்ணன் அக்காவைப் பார்த்தார், பிறகு வண்டியைப் பார்த்தார். "ஒண்ணும் சொல்லலக்கா" என்றார்.

மறுநாள் மைக் வந்தது. அதை மாட்டுவதற்கு முன்னால் அந்த செட்டை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே மைக் கிடையாது. நான் வண்டிக்குள் உட்கார்ந்து என் கடைக்கு அடித்துக் கத்திப் பார்த்தேன், அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, கேளுங்கள். ராத்திரி தங்கிய மருந்து அண்ணன் மனசை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. போனில் பதிலே வராத அமைதியில் அவருடைய மனசே அண்ணாச்சி குரலில் பேசிவிட்டது. நல்ல விளக்கம்தானே? டாக்டர் ஒருவரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். அதைப் பிடித்துக்கொண்டு நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

அக்கா இப்போது கம்பெனியை நன்றாக நடத்துகிறார். ஒவ்வொரு நாளும் மிச்ச மருந்தை அழிக்கும்வரை அவரே பக்கத்தில் நிற்கிறாராம். சீசனுக்கு முன்னால் வண்டியை என்னிடம் கொண்டுவருவார், டீ குடிப்பார், கிளம்பும்போது மட்டும் கேட்பார்: "கருப்பசாமி உங்ககிட்டயாவது ஏதாச்சும் சொன்னாரா தம்பி?" இல்லை அக்கா என்பேன்.

பொய். போன தீபாவளிக்கு அண்ணன் தன் மகனுடைய வண்டிக்கு செட் மாட்ட வந்திருந்தார். நான் என் விளக்கத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"அக்காகிட்ட என்ன சொல்லட்டும்னு கேட்டேன்ல தம்பி. அதுக்கு அண்ணாச்சி சொன்னாக, 'நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்லே. அவ பக்கத்து சீட்லதான் உக்காந்திருக்கேன், நானே சொல்லிக்கிடுதேன்'னாக."

அந்த சீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன்.