மச்சான் பிடித்த கயிறு

என் போனில் மணி அடிக்காது. அடித்தால் உடம்பு தூக்கிப்போடும், அதனால் அமர்த்தியே வைத்திருப்பேன். அன்று காலை உப்பளத்தில் காவலுக்கு இருந்தேன். என் மனைவி சகாயம் வரப்பில் செருப்பில்லாமல் நடந்து வந்தாள். "அண்ணன் போயிட்டாரு" என்றாள். சூசை மச்சான் காப்பியைக்கூடக் குடித்து முடிக்கவில்லையாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

அவரை நினைத்து இங்கே கூடியிருக்கிற உங்களுக்கெல்லாம் அவரைச் சங்கு குளிக்கிறவராகத் தெரியும். மூச்சடக்குவதில் சூரர், சீட்டாட்டத்தில் கள்ளன். எனக்கு அவர் கயிறு பிடித்தவர். நம் கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர்ச் சனத்துக்காகச் சொல்கிறேன். முங்குகிறவனின் கயிற்றை வள்ளத்தில் இருந்து பிடிப்பது அவன் மனைவியின் உடன்பிறந்தவன்தான். தங்கச்சி தாலி அந்தக் கயிற்றில் கிடக்கிறது, அவன் கண்ணயர மாட்டான். இப்போது காற்றுக் குழாய் எல்லாம் வந்துவிட்டது. வள்ளத்தில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சரி, பேச்சு எங்கேயோ போகிறது.

நான் கடலில் முங்கியவன் அல்ல. பட்டாளத்தில் லாரி ஓட்டினேன். மலைப்பாதையில் கண்ணிவெடி. பக்கத்தில் இருந்தவன் போனான், நான் வந்தேன். "ஒரு கீறல் இல்லியே" என்று ஊரே சந்தோஷப்பட்டது.

மனக்காயத்துக்கும் ஊன பென்ஷனும் வைத்தியமும் உண்டென்று மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். தனியாகப் போனேன். சட்டை தேய்த்து, ஷூவுக்குப் பாலிஷ் போட்டு, விறைப்பாக நின்றேன். எப்படி இருக்கிறாய் என்றார்கள். "நல்லா இருக்கேன் சார்!" அதிகாரி கேட்டால் பட்டாளத்தில் வேறு பதில் கிடையாது. அவர்களும் அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்கள்.

"கல்யாண மாப்ள மாதிரி போயி நின்னுட்டு, சீக்குன்னா எவன்வே நம்புவான்?" என்று மச்சான் சிரித்தார். மேல்முறையீடு போட வைத்தவரும் அவர்தான். இன்னொரு போர்டு கிடைத்தது. அதிலும் தவறினால் அவ்வளவுதான் என்றார்கள்.

அவர் அடுத்த வீடு. தினமும் காலையில் வந்து எங்கள் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். காது குடையத்தான் என்று நினைத்தேன். ஒருநாள் அவர் சட்டை எங்கள் வீட்டுக்குத் துவைக்க வந்தபோது ஒரு தாள் விழுந்தது. பின்பக்கம் பென்சில் எழுத்து. எல்லாம் என்னைப் பற்றி.

"என்னவே, என்னய வேவு பாக்கீரா?"

"ஆமா, பாக்கேன். என் தங்கச்சியக் கெட்டுனீருல்லா? கயித்த எவன் புடிப்பான்?"

நான் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. அவர் தாள் கிழிக்க வருவதை நிறுத்தவும் இல்லை.

போர்டுக்குப் போகும் அன்று அந்தத் தாள்களையெல்லாம் கட்டி என் கையில் திணித்தார். "வாய் பொய் சொல்லும் மாப்ள. இத அவுககிட்ட குடும்."

அவர் சொன்னபடியே ஆயிற்று. தமிழ் தெரிந்த டாக்டரம்மா கேட்டார், "தூக்கம் எப்படி?" "நல்லா இருக்கேன் மேடம்!" சொன்ன வாயை அறையலாம் போலிருந்தது. தாள்களை மேசையில் வைத்தேன். அவர் ஒரு தாளைச் சத்தமாக வாசித்தார்: "கொடியேத்தத்துக்கு வேட்டுப் போட்டாங்க. மாப்ள பிள்ளயத் தூக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிட்டாரு. பிள்ள சிரிச்சுது. மாப்ள அழுதாரு."

"யார் எழுதினது?"

"என் மச்சான். வெளிய நிக்காரு."

கூப்பிட்டார்கள். இதையெல்லாம் எதற்கு எழுதினீர்கள் என்று கேட்டார். மச்சான் தலையைச் சொறிந்தார். "முங்குனவனுக்குத் தன் மூச்சு கொறையிறது தெரியாதும்மா. மேல இருக்கவனுக்குத்தான் தெரியும்."

டாக்டரம்மா என்னை உட்காரச் சொன்னார். முன்பே சொல்லியிருந்தார், எனக்குத்தான் கேட்கவில்லை. உட்கார்ந்தேன். லாரியில் என் பக்கத்தில் இருந்தவனின் பெயரை அன்றுதான் முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

பென்ஷன் வந்தது. மாத்திரையும் மாதம் ஒருமுறை டாக்டரோடு பேச்சும் வந்தன. மச்சான் தாள் கிழிப்பதை மட்டும் விடவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலண்டர் முன்னால் நின்றேன். முந்தின நாள் தாளும் அதற்கு முந்தினதும் அப்படியே தொங்கின. அவர் போன நாளின் தாளைக் கிழித்து, அவருடைய பென்சிலாலேயே பின்பக்கம் எழுதினேன். அது என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

"இன்னைக்கு மச்சான் போயிட்டாரு. நான் நல்லா இல்ல."