ஒன்றை அழித்துப் பார்க்கும் றெஜினா

நல்லூரில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. குருநகரிலிருந்து றெஜினாவின் அண்ணன் அன்ரன். "தங்கச்சி விடியப்புறம் மோசம் போயிட்டாள், தம்பி. காய்ச்சல் எண்டுதானே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனனாங்கள்," என்றார். டெங்கு உயிரைக் கொண்டுபோய்விட்டது. போன கிழமை வரை எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவர். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு நுளம்புக்கு இப்படியொரு ஆளைத் தூக்கிக் கொடுப்பதா?

அவரோடு வேலை செய்த உங்களுக்கு றெஜினாவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை அவருடைய வீட்டாரும் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கடற்றொழிலாளர்களுக்குக் காற்றும் கடலும் எப்படி என்று சொல்லும் போன் செயலி ஒன்றை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு ஒரு வாசகம். எல்லா எச்சரிக்கைகளும் ஒரே மூலக் கோப்பில் இருக்கும். ஒரு சின்ன நிரல் அதைப் படித்து இரண்டு கோப்புகளை உருவாக்கும். ஒன்றில் எண்கள், மற்றதில் வாசகங்கள். ஒன்று புதிதாகவும் மற்றது பழசாகவும் இருந்துவிட்டால் ஓர் எச்சரிக்கையின் எண்ணுக்கு வேறொன்றின் வாசகம் வந்து விழும். எது மாறினால் எதைத் திரும்ப உருவாக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் வரிகளைத்தான் பில்ட் விதிகள் என்கிறோம். அவை றெஜினாவின் பொறுப்பு.

அவர் வருவதற்கு முன்பே அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பில்ட் கட்டளையை எல்லோரும் இரண்டு தரம் அடிப்போம். முதல் தரம் ஏதாவது பிசகும், இரண்டாம் தரம் அநேகமாகச் சரிவரும். புதிதாக வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி எங்கே இருக்கிறது என்று காட்டும்போதே இதையும் சொல்லிக்கொடுத்துவிடுவோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. றெஜினா கேட்டார். கேட்டதற்கு நாங்கள் சிரித்தோம்.

செயலியைக் கையளிப்பதற்கு முதல் நாள், மூலக் கோப்பின் நடுவில் புதிய எச்சரிக்கை ஒன்றைச் சேர்த்தோம். அதற்குப் பின்னால் இருந்தவற்றின் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போயின. பரீட்சித்துப் பார்க்க, கடற்றொழில் செய்யும் அன்ரன் அண்ணையின் போனுக்கு 'கடலுக்குப் போக வேண்டாம்' என்பதை அனுப்பினோம். அவர் உடனே தங்கைக்குப் போன் எடுத்தார். "என்னடி, இஞ்சை வானம் கறுத்துக் கிடக்கு, உங்கடை சாமான் 'காற்று அமைதி' எண்டு பகிடி விடுது!" அவர் சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. றெஜினா சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் இருந்தார்.

நிறுவனத்தை நடத்தும் குகன் அண்ணை, "ரெண்டு தரம் அடிச்சாச் சரி வரும்தானே, பிள்ளை? நாளைக்குக் குடுத்திடுவம்," என்றார்.

"ரெண்டாந்தரம் சரி வரும், அண்ணை. முதல் தரம் பிழைச்சதை ஒருத்தரும் பாக்காமல் விட்டால்? என்ரை அண்ணை வானத்தைப் பாத்துச் சிரிச்சார். இருட்டுக்கை வெளிக்கிடுற ஆள் எதைப் பாப்பார்?"

கையளிப்பு தள்ளிப்போனது. குகன் அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். றெஜினா அசையவில்லை.

பிழை எங்கே என்று அவர்தான் கண்டுபிடித்தார். இரண்டு கோப்புகளுக்கும் தனித்தனி விதி எழுதியிருந்தோம். கணினி பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்வதால் அந்த நிரல் இரண்டு தரம் ஓடி, ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தது. சில வேளை பாதியில் நின்ற கோப்புக்கும் புதிய நேரம் விழுந்துவிடும். அந்த நேரத்தைப் பார்த்துக் கணினி வேலை முடிந்துவிட்டதென்று நம்பிவிடும். றெஜினா இரண்டையும் ஒரே விதிக்குள் குழுவாகக் கட்டினார். நிரல் ஒரு தரம்தான் ஓடும். இரண்டும் முதலில் வேறு பெயரில் எழுதப்பட்டு, முழுதாக முடிந்த பிறகே உரிய பெயருக்கு மாறும். இடையில் ஏதும் பிழைத்தால் இரண்டையும் அழித்துவிட்டு நின்றுவிடும். "பிறந்தால் ரெண்டும் பிறக்க வேணும், இல்லாட்டி ஒண்டும் வேண்டாம்," என்றார். அன்றிலிருந்து அவருக்கு 'மருத்துவிச்சி' என்று பட்டம் வைத்தோம். கூப்பிட்டால் "ஓம்" என்று கையை உயர்த்துவார்.

பிறகு ஒவ்வொரு நாளும் வீட்டுக்குப் போகுமுன் அந்த இரண்டு கோப்புகளில் ஒன்றை அழிப்பார். கட்டளையை ஒரே ஒரு தரம் அடிப்பார். இரண்டும் புதிதாக வந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் பையை எடுப்பார். "வேலை செய்யுது எண்டு சொல்லாதையுங்கோ, ஒண்டை அழிச்சுக் காட்டுங்கோ," என்பது அவர் பேச்சு. செயலி கரைக்குப் போனது, பிழையான வாசகம் ஒருவருக்கும் வரவில்லை. வராத ஒன்றுக்கு யார் நன்றி சொல்வது? நாங்களும் சொல்லவில்லை.

குருநகர்ச் சேமக்காலையில் அடக்கம் எல்லாம் முடிந்து திரும்பும்போது அன்ரன் அண்ணை என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்டைக்கு வெளிக்கிட வலையும் ஏத்திப்போட்டன், தம்பி. போன் 'கடலுக்குப் போக வேண்டாம்' எண்டு சொல்லிச்சு. நிண்டிட்டன். இல்லாட்டி அவள் கண் மூடேக்கை நான் கடலுக்கைதான். கடைசியா என்ரை கையைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தவள்." பிறகு, "அவள் கொம்பியூட்டரிலை என்ன செய்தவள் எண்டு ஒருநாளும் எங்களுக்கு விளங்கேல்லை," என்றார். அவருடைய கையை அழுத்திவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது மாலையில் அலுவலகத்தில் நான் ஒன்றை அழித்து, ஒரு தரம் அடித்து, இரண்டும் வரும்வரை நிற்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பழக்கம்.

உங்களுக்கு உரியதை அன்று சொல்லாமல் விட்டேன், அன்ரன் அண்ணை. உங்களைக் கரையில் நிறுத்திய அந்த வாசகம் பிசகாமல் வந்து சேர்ந்தது உங்கள் தங்கச்சியின் வேலை.