‘சின்னத் திருத்தம்’ என்று எழுதியிருந்தார்

நான் யாரையும் சுலபத்தில் நம்புகிறவள் இல்லை. தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் ஒருவரை மட்டும் சோதிக்காமல் விட்டுவிட்டேன்.

பீடோங் ஊரில் இருக்கும், கூடப்பிறக்காத அந்த அண்ணன், எஸ்டேட் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுத்த காலத்தில், நிரல் எழுதுவதற்குத் தமிழில் ஒரு கையேடு எழுதியிருந்தார். பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியது. இன்றைய கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அதை யுனிகோடுக்கு மாற்றி, எல்லாரும் படிக்கும்படி இணையத்தில் போடலாம் என்று நானே வலியப் போய்ச் சொன்னேன்.

முதல் முறை மாற்றியபோது நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் எழுத்துகள் உட்கார்ந்திருக்கும். எது பாடம், எது நிரல் என்று மாற்றும் கருவிக்குத் தெரியுமா? ஆங்கிலத்தில் இருந்த நிரல் வரிகளையும் சேர்த்துத் தமிழ் எழுத்தாக்கிவிட்டது. பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத குவியல்.

“தங்கச்சி, கம்ப்யூட்டருக்கு மண்ட கொழம்பிருச்சு லா,” என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு ஒவ்வொரு அத்தியாயத்திலும் நிரல் வரிகளைக் கையால் பிரித்தேன். திகாம் பத்து என்ற ஊரில் உள்ள என் வீட்டில், ஞாயிற்றுக்கிழமைகளில், எட்டு மாதம். எல்லாவற்றையும் சாதாரண எழுத்துக் கோப்புகளாக்கி, தலைப்புகளுக்குக் குறியிட்டு, ஒரே கட்டளையில் இணையப் பக்கமும் அச்சுப் புத்தகமும் வரும்படி செய்தேன். எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூலக் கருவிகள்தான். ரப்பர் பால் எடைபோடும் பழைய பயிற்சியை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காக, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை எண்ணும் பயிற்சியாக மாற்றினேன்.

முதல் பக்கத்தில் உரிமைக் குறிப்பு. யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், மாற்றலாம். முதலில் எழுதியவர் பெயரை மட்டும் எடுக்கக் கூடாது.

“உங்க பேரு நிக்கணும்ண்ணே,” என்று அந்த நிபந்தனையைச் சேர்த்தவள் நான். அவருக்குக் கண் கலங்கியது. அதற்குக் கீழே சின்னதாக, மாற்றியமைத்தவர் என்று என் பெயர்.

தீபாவளி முடிந்து சில வாரங்களில், தொழிற்சாலை கேண்டீனில் சாப்பிடும்போது, கூட வேலை செய்யும் அக்கா கைப்பேசியை நீட்டினார்.

“எம் மகளோட டியூஷன் புக்கு லா. பிரிண்ட் எடுக்கப் போனா பாஸ்வேர்டு கேக்குது. என்னான்னு பாரு.”

முகப்பில் சுங்கைப் பட்டாணியில் உள்ள டியூஷன் நிலையம் ஒன்றின் சின்னம். உள்ளே என் செம்பனைக் குலைப் பயிற்சி. என் பெயர்தான் எங்கும் இல்லை.

இணையத்தில் இருந்த புத்தகத்தைத் தேடினேன், காணோம். நாங்கள் கோப்புகளை வைத்திருந்த தளம், யார் எப்போது எதை மாற்றினாலும் குறித்துவைக்கும். திறந்து பார்த்தேன். தீபாவளியன்று காலை பத்து மணிக்கு உரிமைப் பக்கம் அழிக்கப்பட்டு, இணையப் புத்தகமும் நிறுத்தப்பட்டிருந்தது. அழித்தவர் அண்ணன். காரணம் எழுதும் இடத்தில் ‘சின்னத் திருத்தம்’. அன்று மதியம்தான் குடும்பத்தோடு பண்டிகைக்கு எல்லாரையும் அழைத்து விருந்து வைக்கும் என் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு வந்து, ஆட்டுக்கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். என் கையால் பரிமாறினேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அழைத்துக் கேட்டேன். கொஞ்சமும் தடுமாறவில்லை.

“எம் புக்குதானே தங்கச்சி? டியூஷன் சென்டருக்குக் குடுத்தேன், அங்க என்னையத் தலைமை ஆசிரியரா போட்டிருக்காங்க. நீ சும்மா கன்வெர்ட் பண்ணிக் குடுத்த, அவ்ளோதானே.”

சும்மாவாம். அழைப்பைத் துண்டித்துவிட்டேன். பேசியிருந்தால் அக்கம்பக்கம் கூடியிருக்கும்.

அடுத்த ஞாயிறு, அவர் அழிப்பதற்கு முந்தைய பதிப்பை எடுத்து வேறோர் இடத்தில் வைத்தேன். முதல் வேலையாக முகப்பிலிருந்து அவர் பெயரை நீக்கினேன். நெஞ்சு குளிர்ந்தது. அப்போது கீழே உரிமைக் குறிப்பு கண்ணில் பட்டது. அதில் எனக்கு மட்டும் விலக்கு என்று நான் எழுதவில்லை. நானும் அழித்தால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் பெயரை எழுத்தெழுத்தாகத் திரும்பத் தட்டினேன். காரணம் கேட்ட இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்: ‘எழுதியவர் பெயர் சேர்க்கப்பட்டது.’

புத்தகம் மறுபடி இணையத்தில் இருக்கிறது. கூட வேலை செய்யும் அக்காவின் மகள் பிரிண்ட் எடுத்துக்கொண்டாள். அவர் பெயர் இருக்கும் அதன் முதல் பக்கத்தைத் திறக்க மட்டும் எனக்கு இன்னும் மனம் வரவில்லை.