இலவச மென்பொருளின் ராகு காலம்

ராகு காலத்தில் கணினி தானாக ஒரு வேலையைத் தொடங்கினால், அந்த தோஷம் கணினிக்கா, அதற்குக் கட்டளை எழுதி வைத்தவளுக்கா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சிதம்பரத்தில், வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் சின்ன அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வரும் கோப்பை மாற்றி, பக்கமாக்கி, சரிபார்த்து, அன்றே அனுப்ப வேண்டும். ஒரு வேலை முடிந்ததும் அடுத்ததைத் தானே தொடங்கிவைக்கும் மென்பொருளை விற்கச் சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். விலையைக் கேட்டதும் முதலாளி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அதே வேலையைச் செய்யும் திறந்த மூல மென்பொருள் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது என்று வாயைத் திறந்தது நான்தான்.

"ஓசியா? ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல?" என்றார்.

சென்னைக்காரர், கோளாறு வந்தால் பார்க்க ஓர் ஆளையும் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஓசியில் ஆள் கிடையாது. அந்த ஆள் நானானேன்.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ராகு காலத்துல புதுசா எதயும் ஆரம்பிக்கக் கூடாது. மெஷினா இருந்தா என்ன, நம்ம மெஷின்தானே?"

நாட்காட்டியைப் பார்த்து, ஒவ்வொரு கிழமையின் ராகு காலத்திலும் மென்பொருள் சும்மா இருக்கும்படி எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் வினை. புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு எல்லாம் நின்றுவிடும், ஏழு மணிக்குத்தான் உயிர் வரும். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு நிற்கும். அது ராகு காலமே இல்லை, ஏன் நிற்கிறதென்று எனக்குப் புரியவில்லை. நின்றதைக் கையால் தள்ளிவிடத் தெரிந்தவள் நான் ஒருத்தி. என் வீடோ கடலூர் முதுநகரில். மூன்று வயது மகள் நான் ஊட்டினால்தான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வாயைத் திறப்பாள்.

மாமியார் போன் செய்வார். "ஏம்மா, நான் ஊட்டுனா துப்புது. எப்ப வர்றே?"

"பஸ் ஏறிட்டேன் அத்தை."

"பஸ்ஸுல ஃபேன் சத்தம் கேக்குது?"

"புது பஸ்ஸு அத்தை!"

நான் போய்ச் சேரும்போது மகள் வெறும் வயிற்றோடு தூங்கியிருப்பாள். எழுப்பி ஊட்டுவதா, தூங்க விடுவதா என்று தட்டோடு நிற்பேன். எது செய்தாலும் தப்பு செய்தது போலவே இருக்கும்.

கடைசியில், அந்த மென்பொருளைப் பயன்படுத்துவோர் கூடும் இணையத்தளத்தில் என் கஷ்டத்தை எழுதினேன். எந்த நாட்டுக்காரரோ, "கிழமைக்கு ஒரு நேரம் ஏன் நிறுத்துகிறீர்கள்? மின்வெட்டா?" என்று கேட்டார். ராகுவை ஆங்கிலத்தில் விளக்க எனக்கு இரண்டு பத்தி ஆனது. அவர் சிரிக்கவில்லை. "உங்கள் சர்வர் கடிகாரம் எந்த ஊர் நேரம் காட்டுகிறது?" என்று மட்டும் கேட்டார்.

போய்ப் பார்த்தேன். கிரீன்விச் நேரம். நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். புதன்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு நிற்க வேண்டியது மாலை ஐந்தரைக்கு நின்றிருக்கிறது. நம்மூர் ராகு காலத்தில் ஜோராக ஓடியிருக்கிறது.

பயந்துகொண்டே முதலாளியிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணை மூடி யோசித்தார்.

"இது வந்ததுக்கப்பறந்தானே ரெண்டு புது பார்ட்டி வந்தாங்க?"

"ஆமா சார்."

"அப்ப லண்டன் ராகு காலந்தான் நமக்கு ஒத்துப்போவுது. கைய வெக்காத."

"சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவணும் சார். பாப்பா சாப்பிடாம தூங்கிடுது."

"போம்மா, யாரு புடிச்சு வெச்சிருக்காங்க? நின்னா மட்டும் தள்ளிவுட்டுட்டுப் போ. ஒரு பைசா செலவில்லாம எவ்ளோ வேலை நடக்குது பாரு!"

மாற்ற வேண்டியது ஒரே ஒரு வரி. அவர் திறந்து பார்க்கப் போவதில்லை. சொல்லாமல் மாற்றிவிடலாம் என்று கையைக் கொண்டுபோகிறேன். மாற்றிய மாதமே ஒரு பார்ட்டி போய்விட்டால்? எனக்கு நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் கை திரும்பி வந்துவிடுகிறது. வேறொருவருக்குத் தள்ளிவிடப் பழக்கலாமென்றால், எல்லாரும் எனக்கு முன்னால் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் அலுவலகத்துக்கும் போய், வீட்டில் குழந்தைக்கு ஊட்டவும் செய்கிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அந்த வரியை மாற்றிவிடட்டுமா? புதன்கிழமைக்கு முன்னால் சொன்னால் நல்லது. அன்றைக்காவது அவளுக்குப் பருப்பு சாதம் சூடாக ஊட்ட ஆசை.