ஆபீசர் வந்தால் லீவு

எங்கள் ஐந்தாம் வகுப்பில் மூன்று பேருக்கு மட்டும் ஒரு தனிச்சலுகை இருந்தது. பள்ளிக்கு அதிகாரி யாராவது வருகிறார் என்றால் அன்றைக்கு எங்களுக்கு லீவு. மற்ற பிள்ளைகள் நகம் வெட்டி, தலையில் எண்ணெய் வழிய, வாய்ப்பாட்டை முணுமுணுத்தபடி பள்ளிக்குப் போவார்கள். நாங்கள் மூவரும் நடுத்தெருவில் நின்று அவர்களுக்கு டாட்டா காட்டுவோம். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். கூரையில் எதற்கு ஓட்டை விழுந்தது என்று நான் ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை.

மூவரில் குமுதா இரண்டு கால்களிலும் இரும்புப் பட்டை போட்டு நடப்பாள். ஜரிகைக் கடைக்காரர் மகன் அன்வருக்குக் காது கேட்காது. எனக்குக் கண், காது, கால் எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. எழுத்துகள் மட்டும் நான் பார்த்தால் ஓரிடத்தில் நிற்காது. இன்றைக்கும் நிற்பதில்லை. இதைக்கூடப் போனிடம் வாயால் சொல்லித்தான் எழுத வைக்கிறேன். அப்போது ஊரே எனக்குச் சோம்பேறி என்று பேர் வைத்திருந்தது. நானும் அதில் பெரிய குறை காணவில்லை.

டீச்சர் நல்லவர். கை நீட்டி ஒருவரையும் அடித்ததில்லை. அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எங்களை மேசையருகே கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "நாளைக்கு ஆபீசருங்க வர்றாங்கம்மா. நீங்க மூணு பேரும் வூட்லயே இருங்க, இன்னா?" என்பார். நான் அதை அன்வருக்குக் கையால் சொல்வேன். அவன் அங்கேயே ஒரு குதி குதிப்பான்.

அந்த வருஷம் வெளிநாட்டிலிருந்தே ஆட்கள் வரப்போவதாகப் பள்ளிக்குக் கடிதம் வந்தது. கண் தெரியாத, காது கேட்காத, நடக்க முடியாத, படிப்பு ஏறாத பிள்ளைகள் எல்லாரோடும் சேர்ந்து எப்படிப் படிக்கிறார்கள் என்று நாடு நாடாகப் போய்ப் பார்த்துவரும் குழு அது. கடிதத்தில் எல்லாம் விவரமாகத்தான் இருந்ததாம். டீச்சர் கண்ணில் பட்டதோ 'வருகிறார்கள்' என்ற ஒரு சொல்தான். பழக்க தோஷம் யாரை விட்டது? முதல் நாள் சாயங்காலம் மேசையருகே வழக்கம்போல எங்கள் மூவருக்கும் லீவு கிடைத்தது.

மறுநாள் காலையில் எங்கள் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். பாவு என்பது புடவைக்காகத் தறியில் ஏற்றும் நீளவாட்டு இழைகள். தெரு நீளத்துக்கு அதை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிவார்கள். அது முடிகிற வரைக்கும் எந்த வண்டியும் நின்றுதான் ஆகவேண்டும். ஹாரன்கூட அடிக்கக் கூடாது. கலெக்டர் வந்தாலும் அதே சட்டம்தான். நாங்கள் மூவரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது பாவுக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் என் மாமா. உள்ளே மொழிபெயர்க்கிற அக்கா ஒருவரும், அவரோடு கென்யா, நேபாளம், பின்லாந்து என்று நாட்டுக்கு ஒருவராக மூன்று விருந்தாளிகளும் இருந்தார்கள்.

மாமா இறங்கி வந்து, "இன்னாமா, இஸ்கூலுக்குப் போவாம இங்க நின்னுகினு இருக்கற?" என்றார்.

"எங்களுக்கு லீவு மாமா. பெரிய ஆளுங்க வந்தா எங்க மூணு பேருக்கு மட்டும் லீவு உட்டுருவாங்க" என்றேன். அந்த அக்கா காதிலும் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பெருமையைச் சும்மா வைத்துக்கொள்ள முடியுமா?

அக்கா அதை வாயாலும் கையாலும் மொழிபெயர்த்தார். யாரும் சிரிக்கவில்லை. திரும்ப ஒருமுறை கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிறகு நேபாளக்காரர் குமுதாவின் காலையும் அன்வரையும் பார்த்துவிட்டு என்னவோ சொன்னார். மற்ற இருவரும் தலையாட்டினார்கள். "இந்த லீவு அவங்க நாட்டுலயும் இருக்குதாம்மா" என்றார் அக்கா. எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்படியொரு நல்ல சட்டம் உலகம் பூராவும் நடப்பில் இருக்கிறது என்று எனக்கு யாருமே சொல்லவில்லையே!

மாமாதான் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடிப்பாவி, இவங்க உங்களப் பாக்கத்தான்டி வந்துகினு இருக்காங்க!" என்றார். மாமா எப்போதும் இப்படித்தான் கலாய்ப்பார் என்பதால் நான் நம்பவில்லை. ஆனால் பாவைச் சுருட்டி வழிவிட்டதும் எங்கள் மூவரையும் வேனில் ஏற்றிவிட்டார்கள். வீட்டில் சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லை. கிடைத்த லீவு போயிற்றே என்று நான் ஜன்னலோரம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்வர் மட்டும் பரம சந்தோஷத்தில் இருந்தான். கென்யாவிலிருந்து வந்த அம்மாவுக்கும் காது கேட்காதாம். இரண்டு பேரும் வழியெல்லாம் கையாலேயே பேசித் தீர்த்தார்கள். இந்த நாட்டு ஜாடை வேறு, அந்த நாட்டு ஜாடை வேறு என்கிறார்கள். அவர்கள் அதையெல்லாம் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. மொழிபெயர்க்கிற அக்கா வேலையற்று வேடிக்கை பார்த்தார்.

பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். "எல்லாரும் ஒண்ணா படிப்போம்னு போட்டிருக்குதுடி" என்று குமுதா எனக்குப் படித்துக் காட்டினாள். பேனருக்குக் கீழே டீச்சர் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். வேனிலிருந்து முதலில் நான் இறங்கினேன். பிறகு அன்வர். பிறகு பின்லாந்துக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு குமுதா. டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பன்னீரைத் தன் புடவையிலேயே தெளித்துக்கொண்டு நின்றார்.

வகுப்பில் பின்லாந்துக்காரர் என்னைத்தான் படிக்கச் சொன்னார். வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டது. எனக்கென்ன பயம்? கேட்ட பாடம் எதையும் நான் மறந்ததில்லை. புத்தகத்தைத் திறந்து, காக்கையும் குருவியும் கூடு கட்டிய பாடத்தை ஒரு சொல் பிசகாமல் முழங்கினேன். முடித்த பிறகுதான் பார்த்தார்கள், என் கையில் இருந்தது கணக்குப் புத்தகம். அக்கா அதைச் சொன்னதும் விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கென்யா அம்மா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை அசைத்தார். அதுதான் அவர்களுடைய கைதட்டலாம். அன்வர் சட்டென்று புரிந்துகொண்டு தானும் அசைத்தான். அதைப் பார்த்து வகுப்பே அசைத்தது. அன்வர் பெஞ்சின் மேல் ஏறி நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கைதட்டலை அவன் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கும் அழுகை எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வகுப்பிலும் இருந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த அதிகாரி வருகிற வரைக்கும்தான். முதல் நாள் சாயங்காலம் நாங்கள் மூவரும் மேசையருகே போய் நின்றோம். டீச்சர் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு லீவுதானே என்று நானே கேட்டேன். "இல்லம்மா. நாளைக்கு நீங்க கண்டிப்பா வரணும். முதல் பெஞ்ச்சுல உக்காரணும்" என்றார்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நாங்க இன்னா தப்பு பண்ணோம் டீச்சர்? எங்களுக்கு மட்டும் ஏன் லீவு இல்ல?" என்று கேட்டேன்.

டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் மூவரையும் சேர்த்து இழுத்து அணைத்துக்கொண்டார். "நீங்க ஒரு தப்பும் பண்ணலம்மா, ஒரு தப்பும் பண்ணல" என்று சொல்லிச் சொல்லி அழுதார். லீவைப் பறிகொடுத்தது நாங்கள், அழுவது டீச்சர். எனக்கும் குமுதாவுக்கும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வெளியே வந்ததும் என்ன நடந்தது என்று அன்வர் கேட்டான். நாளைக்கு லீவு இல்லை என்றும் அதற்கு டீச்சர் அழுகிறார் என்றும் கையால் சொன்னேன். அவன் திரும்பி வகுப்பை எட்டிப் பார்த்தான். பிறகு, டீச்சருக்கும் நாளைக்கு லீவு இல்லை போலிருக்கிறது, பாவம், என்று கை காட்டினான். அதுதான் காரணமாக இருக்கும் என்று நாங்கள் மூவரும் முடிவு செய்து வீட்டுக்குப் போனோம்.